விளையாட்டே பிழைப்பாகுமா?

"படிப்பு வேண்டாம், கிரிக்கெட்தான் என் வாழ்க்கை" என்கிறான் பதினான்கு வயது மகன். தகப்பன் திகைக்கிறார், தாய் கண் கலங்குகிறாள். அனுமதித்தால் பிள்ளையின் எதிர்காலம் பாழாகுமோ என்ற அச்சம் ஒருபுறம். தடுத்தால் அவன் திறமையை மண்ணில் புதைத்தவர்களாவோமோ என்ற கலக்கம் மறுபுறம். பெற்றோரே, இன்று பல இல்லங்களில் எழும் இக்கேள்வியைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

சென்னையைச் சேர்ந்த குகேஷை அறியாதார் இல்லை. நான்காம் வகுப்புக்குப்பின் முழுநேரப் பள்ளியை விட்டுச் சதுரங்கத்தில் இறங்கினார். 2024 டிசம்பரில், தமது 18-ஆம் வயதில், உலகச் சாம்பியனானார். "நம் பிள்ளையும் அப்படி ஆவான்" என்று பலர் துணிவதற்கு இதுவே காரணம். ஆனால் அவ்வீட்டின் நிலையையும் கவனிக்க வேண்டும். தகப்பனார் காது மூக்குத் தொண்டை மருத்துவர். மகனோடு பயணம் செய்வதற்காகத் தொழிலை நிறுத்தி வைத்தார். நுண்ணுயிரியல் துறையில் பணிபுரிந்த தாயாரின் சம்பளம் குடும்பத்தைத் தாங்கியது. திரும்பிச் செல்லத் தகப்பனாருக்குக் கைவசம் ஒரு தொழில் இருந்தது. அன்றாடம் கூலிக்கு உழைப்பவர் இதே துணிவைக் கொண்டு, காரியம் தவறிப்போனால், அவரைத் தாங்குவது யார்?

கணக்கையும் பாருங்கள். ஐ.பி.எல். பந்தயத்தில் 2022 முதல் ஆடுபவை 10 அணிகள். அணிக்கு அதிகபட்சம் 25 பேர். அவர்களில் 8 பேர் வரை வெளிநாட்டார் இருக்கலாம். எல்லா அணிகளும் நிரம்பினாலும் மொத்தம் 250 இடங்களே. மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடும் சிறுவர்களோ தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

அப்படியானால் தடுத்துவிடுவதா? அதுவும் நீதியன்று. விளையாட்டில் பிழைக்க வேறு வழிகளும் உண்டு. ரயில்வே விளையாட்டு வீரர்களை வேலைக்கு எடுக்கிறது. தமிழக அரசுப் பணிகளிலும் அவர்களுக்கு ஒதுக்கீடு உண்டு. 1920-இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, தலைமுறை தலைமுறையாக ஆசிரியர்களை உருவாக்கி வருகிறது. ஆனால் இவ்வழிகளில் செல்லப் பள்ளிச் சான்றிதழும் வேண்டும். ஆகவே, பந்துக்காகப் புத்தகத்தை எறிகிறவன் தன் விளையாட்டுக்கே கேடு செய்கிறான்.

இனி, நம் மனச்சாட்சி பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் இரண்டு.

முதலாவது, இந்த ஆசை யாருடையது? தனக்குக் கிட்டாத புகழைத் தகப்பன் மகன் தோளில் ஏற்றி வைப்பது அன்பன்று. எவரும் பார்க்காத வேளையிலும் அவன் பயிற்சி செய்கிறானா? தோற்ற மறுநாள் தானே எழுந்து மைதானத்துக்குப் போகிறானா? அப்படியானால் ஆசை அவனுடையதே.

இரண்டாவது, செலவு யாருடையது? மகனின் பயிற்சிக்காக வீட்டு நகை அடகுக்குப் போகும்போது, கல்லூரி செல்ல வேண்டிய மகளின் பங்கும் அதோடு போகிறது. அவளை ஒரு வார்த்தை கேட்டவர் உண்டா? அவளே ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்திருந்தால், அவளுக்காக அந்த நகையை அடகு வைத்திருப்போமா? ஒரு பிள்ளையின் கனவுக்கு மற்றொரு பிள்ளையின் வாழ்வை விலையாகக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

ஆகவே, நேர்மையான ஒரு பயிற்சியாளரிடம் பிள்ளையின் தரத்தைக் கேட்டறியுங்கள். இரண்டு ஆண்டுகள் எனத் தவணை வைத்து, அதைப் பிள்ளையோடு பேசி முடிவு செய்யுங்கள். பள்ளியை நிறுத்தாதீர்கள், கடன் வாங்காதீர்கள். முழங்காலில் ஒரு காயம் பட்டால் எல்லாம் மாறிவிடும் என்பதையும் அவனுக்கு மறைக்காமல் சொல்லுங்கள். தவணை முடிந்து, அவன் தரம் போதாது என்று தெரிந்தால், விளையாட்டு அவன் உடலுக்கும் உள்ளத்துக்கும் துணையாக நிற்கட்டும். அவன் ஆடிய நாட்கள் வீணாகா.

வெற்றியோடு வரும் பிள்ளையை ஊரே வரவேற்கும். தோற்று வரும் நாளிலும் வீட்டில் அதே முகமும் அதே சூடான சோறும் அவனுக்குக் காத்திருக்குமாறு பார்த்துக்கொள்வோமாக.