ஓட்டாத வேகம்

ஜெர்மனியில் 1963இல் அறிமுகமான போர்ஷே 911 மகிழுந்து இன்று மணிக்கு 290 கிலோமீட்டருக்கு மேல் விரைய வல்லது. அந்நாட்டு நெடுஞ்சாலைகளின் பல பகுதிகளில் வேகவரம்பே கிடையாது. ஆயினும் வாங்கியோர் பலர் மெல்லவே ஓட்டுகின்றனர். அடக்கம் எனலாமோ? கீறல் விழுமோ என்னும் அச்சமும் அதில் உண்டு. விரைய இயலும் என்னும் நினைவின் இன்பமும் உண்டு. உமாசுவாமி முனிவர் தத்துவார்த்த சூத்திரத்தில் பரிக்கிரகத்திற்கு இலக்கணம் கூறுங்கால், பண்டத்தைச் சுட்டாது மூர்ச்சையாகிய பற்றையே சுட்டினார். ஓட்டாத வேகத்தையும் நெஞ்சம் பற்றிக்கொள்ளும்.

செல்வர் கதை என்று தள்ள வேண்டா. இருவர்க்குச் சமைக்கும் நம் இல்லத்துப் பரணில் 100 பேருக்கான அண்டாக்கள் 3 உள்ளன. சென்ற தசலட்சண விழாவில், உத்தம ஆகிஞ்சன்ய நாளன்று, ஜினாலயத்திற்கு அளிக்க அவற்றை இறக்கினோம், துலக்கினோம், மாலையில் மீண்டும் ஏற்றிவிட்டோம்.