பற்றும் பரிவும்



சென்ற பௌர்ணமி நாளில் வந்தனை முடிந்து அனைவரும் பந்தியில் அமர்ந்திருந்த வேளையில், இளைஞர் ஒருவர் நம்மை நோக்கி, "ஐயா, எல்லாம் நிலையாதவை என்று மாதந்தோறும் எங்களுக்கு எடுத்துரைக்கிறீர்கள். அத்தகைய தாங்கள், கொல்லையில் ஒரு கொடி போயிற்று என்பதற்காகப் பல நாள் முகம் வாடித் திரிந்தீர்களாமே! இது தகுமா?" என்று வினவினார். பந்தியில் இருந்தோர் நகைத்தனர், நாமும் நகைத்தோம். "பழகிய பாசம், தம்பி" என்று சொல்லி, மோர் ஊற்றும்படி கூறிவிட்டோம். வீடு திரும்பிய பின்னர், அவ்விடை மெய்யன்று என்று நம் நெஞ்சே நமக்குச் சொல்லிற்று. அதனைத் திருத்தும்பொருட்டே இதனை எழுதுகிறோம்.

பெங்களூரில் மில் தொழிலாளர்களுக்காக முன்னாளில் கட்டப்பெற்ற வரிசை வீடுகளுள் ஒன்றில் நாம் குடியிருக்கிறோம். வீட்டின் பின்புறம் பத்தடிக்கு எட்டடியாக ஒரு கொல்லை உண்டு. துணி துவைக்கும் கல், தண்ணீர்த் தொட்டி, ஓர் எலுமிச்சை, ஒரு கறிவேப்பிலை இவை போக எஞ்சிய இடத்தில், பின்சுவரைப் பற்றி ஏறியிருந்தது அக்கொடி. பெருமருந்து என்றும் ஈசுவரமூலி என்றும் அதனை அழைப்பர். அதன் பூ மாலைக்கு உதவாது. சிறு குழலை வளைத்துவைத்தாற்போல் இருக்கும். காய் முற்றி உலர்ந்ததும் காம்பின் பக்கமிருந்து வெடித்து, உறிபோல் தொங்கி, காற்றில் ஆடும்தோறும் விதைகளை உதிர்க்கும்.

அக்கொடி உள்ள இடத்தைப் பாம்பு அணுகாது என்று நம் முன்னோர் நம்பினர். நஞ்சு முறிக்கும் மருந்தென்று இலையைக் கேட்டு வருவோரும் இருந்தனர். நாம் கொடுப்பதில்லை. அவ்வினத்துச் செடிகளில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்றும், புற்றுநோயை உண்டாக்கும் என்றும் இன்றைய மருத்துவம் நிறுவியிருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில் உடல் மெலிய வேண்டி மூலிகை மருந்துண்ட பெண்கள் பலர் சிறுநீரகம் பழுதுற்று வருந்தினர். அம்மருந்தில் இவ்வினச் செடி கலந்திருந்தமை அதன் பின்னரே வெளிப்பட்டது. பெயரோ பெருமருந்து, மாந்தர்க்கு அது நஞ்சு. "பூவுக்கும் ஆகாத, மருந்துக்கும் ஆகாத கொடிக்கு இடம் எதற்கு?" என்று கேட்டோரைக் கொல்லைக்கு அழைத்துச் சென்று காட்டுவதே நமது வழக்கம்.

காட்டியது யாதெனில், ரோஜா அழகி என்று இக்காலத்தார் பெயரிட்டுள்ள பட்டாம்பூச்சியின் வாழ்க்கையாகும். கரிய சிறகு, பின்சிறகின் நடுவே வெண்திட்டு, ஓரத்தில் சிவந்த புள்ளிகள், சிவந்த உடல். அதன் புழு இவ்வினக் கொடிகளையன்றி வேறெதையும் உண்ணாது. நமக்கு நஞ்சாகிய அவ்விலையே அதற்கு அன்னம். உண்ட நஞ்சைப் புழு தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது. சிறகு முளைத்த பின்னும் அந்நஞ்சு உடன் இருக்கிறது. ஒருமுறை சின்னான் குருவி ஒன்று அதனைக் கவ்வி, உடனே உதறிவிட்டு, எலுமிச்சைக் கிளையில் அலகைத் தேய்த்துக்கொண்டிருந்ததைக் கண்டோம். இன்னுமொரு வியப்பு கேளுங்கள். கறிவேப்பிலையில் வளரும் வேறொரு பட்டாம்பூச்சியின் பெண்ணினத்தில் சில, நஞ்சேதும் இல்லாதனவாயினும், ரோஜா அழகியைப் போன்ற சிறகுடன் பிறக்கின்றன. ஏமாறும் பறவைகள் அவற்றையும் விட்டுவிடுகின்றன. ஒரு கொடியின் நிழல் எவ்வளவு தூரம் விழுகிறது பாருங்கள்!

இவற்றையெல்லாம் காணும் கண்ணை நமக்குத் தந்தது பள்ளிக்கூடமன்று; மில். இருபது ஆண்டுகளுக்கு மேல் நூற்கும் இயந்திரத்தின் முன் நின்றோம். நூற்றுக்கணக்கான கதிர்கள் சுழலும்போது எங்கே ஓர் இழை அறுந்தது என்பதை நடந்தபடியே கண்டு ஒட்டவேண்டும். அந்தப் பழக்கம் வேலை போன பின்னும் போகவில்லை. ஆகவே, தையற்சிட்டு பஞ்சிழை கொண்டு எலுமிச்சை இலைகளைச் சேர்த்துத் தைத்தபோது, நம்முடைய தொழிலையே அச்சிறு பறவை செய்வதாக எண்ணி மகிழ்ந்தோம். புழுக்கள் கொடியை மொட்டையாக்கிய காலத்தில் அண்டை வீட்டு அம்மையார், "மருந்து அடித்துவிடுங்கள்" என்றார். உயிர்க்கொலை ஒழிப்போம் என்று முதற்சீலம் ஏற்றவர் அது செய்யலாகாது என்று மறுத்தோம். ஒவ்வொரு முறையும் கொடி தண்டிலிருந்து மீண்டும் துளிர்த்தது. "பார்த்தீர்களா?" என்று பெருமையோடு கூறினோம். அப்பெருமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

2023-ஆம் ஆண்டு ஐப்பசியில் எங்கள் வரிசைக்குப் புதிய கழிவுநீர்க் குழாய் பதித்தனர். நாம் அறவுரைக்காகத் தங்கவயலுக்குச் சென்று மறுநாள் மாலை திரும்பியபோது, பின்சுவர் ஓரம் முழுதும் வெட்டி, குழாய் இட்டு, சிமெண்டு பூசியாயிற்று. கொடி வேரோடு பிடுங்கப்பட்டுக் கொல்லை மூலையில் குவிந்து கிடந்தது. மண்வெட்டியுடன் நின்றவர் இருபது வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞர்; வடநாட்டிலிருந்து கூலிக்கு வந்தவர். அவரை நோக்கி நாம் கூறிய சொற்களை இங்கே எழுத நாணுகிறோம். அவர் அரைகுறைக் கன்னடத்தில், "மேஸ்திரி சொன்னார், செய்தேன்" என்று மட்டும் சொன்னார். நாமும் ஒரு காலத்தில் மேஸ்திரி சொன்னதைச் செய்தவரே. அது அப்பொழுது நினைவுக்கு வரவில்லை.

அன்றிரவு நம் துணைவியார், "அதில் இருந்த புழுக்கள் என்னவாகும்?" என்று கேட்டார். நாம் பெருமூச்செறிந்து, "தோன்றியது மறையும், அதுதான் இயற்கை" என்று விடை கூறினோம். மறுநாளும் அதற்கடுத்த நாளும், யாரைக் கேட்டு வெட்டினார்கள் என்று வினவி ஒரு முறையீடு எழுதுவதிலும், அதனைத் திருத்தி எழுதுவதிலும் கழிந்தன. நான்காம் நாள் காலையில் காய்ந்த குவியலை வெளியில் எறியலாமென்று தூக்கினோம்.

அதனுள் புழுக்கள் இருந்தன. கருஞ்சிவப்பு உடலும், நடுவில் ஒரு வெண்பட்டையும் உடைய அப்புழுக்களைப் பத்தொன்பது எண்ணினோம். பதினான்கு இறந்திருந்தன. சருகாகிய இலையின்மேல் அப்படியே சுருங்கிக் கிடந்தன. உயிரோடிருந்த ஐந்தும் தண்டின்மேல் மேலும் கீழும் ஊர்ந்துகொண்டிருந்தன. எலுமிச்சை இலையை வைத்தோம். அதன்மேல் ஏறிக் கடந்து போயின. கறிவேப்பிலையை வைத்தோம், அதனையும் கடந்தன. உண்பதற்கு அவ்வுலகில் அவற்றிற்கு ஒன்றுமில்லை. மூன்று தெரு தள்ளி ஒரு தோழர் வீட்டு வேலியில் அதே கொடி படர்ந்திருப்பது நமக்கு முன்னமே தெரியும். விதை கொடுத்தவரே அவர்தாம். ஐந்து புழுக்களையும் ஒரு தகரப் பெட்டியில் இட்டுக்கொண்டு நடந்தோம். நடந்து சேரக் கால் மணி நேரம் ஆயிற்று. அவற்றுள் மூன்று கூட்டுப்புழுவாகி, பின்னர் சிறகு பெற்றுப் பறந்தன என்று தோழர் பிற்பாடு சொல்லியனுப்பினார்.

கால் மணி நேர வழி, அன்பர்களே! முதல்நாள் இரவே நடந்திருந்தால் அவற்றுள் பெரும்பாலானவை பிழைத்திருக்கக்கூடும். நாம் மூன்று நாள் கொடிக்காக வருந்தினோம். அம்மூன்று நாளிலும் கொடியில் வாழ்ந்தவை பசியால் மடிந்தன. மருந்தடிக்க மறுத்துப் பெருமை கொண்டோமே, மருந்தடித்திருந்தாலும் முடிவு வேறாக இராது. கையால் கொல்லாதிருந்தோம், கண்ணால் பாராதிருந்தோம்.

இளைஞரின் வினாவிற்கு இப்பொழுது வருவோம். நிலையாமையை அறிந்தவர் வருந்தலாமா? வருந்துவதே குற்றமென்று நாம் கருதவில்லை. நம் வருத்தம் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பதே கேள்வி. நம் வருத்தம் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தது. நம் கொடி, நம் சுவர், நம்மைக் கேளாமல் வெட்டியது. இது பற்று. நம் துணைவியார் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அது புழுவைப் பார்த்தது. அதுவே பரிவு. பரிவு கேட்ட கேள்விக்குப் பற்று விடை சொல்லிற்று. அதுவும் நிலையாமை என்னும் போர்வையைப் போர்த்துக்கொண்டு சொல்லிற்று. இதுதான் நம்மை இன்றும் சுடுவது.

இப்போர்வையை நாம் வேறோரிடத்திலும் கண்டதுண்டு. நாம் வேலை பார்த்த மில் மூடப்பட்டபோது, வாயிலில் நின்ற தொழிலாளரிடம் பெரிய மனிதர் ஒருவர் வந்து, உலகில் எதுவும் நிலையில்லை, மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. ஆயினும் அன்று எங்களுக்கு அது கல்லெறிந்தாற்போல் இருந்தது. அதே தெருவில் ஒரு கிழவியார் தம் அரிசியில் கஞ்சி காய்ச்சி, எங்கள் குழந்தைகளை அழைத்து ஊற்றினார். அவரும் நிலையாமையை அறிந்தவரே. இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவர். நிலையாதவை என்பதனால் கைவிடலாம் என்று கொண்டார் பெரிய மனிதர். நிலையாதவை என்பதனாலேயே இன்று ஊற்றவேண்டும் என்று கொண்டார் கிழவியார். புழுக்கள் திறத்தில் நாம் எவர் பக்கம் நின்றோம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

விநய பிடகத்தில் ஒரு வரலாறு உண்டு. ஆளவி என்னும் ஊரில் பிக்கு ஒருவர் கட்டட வேலைக்காக ஒரு மரத்தை வெட்டினார். அம்மரத்தில் குடியிருந்த தேவதை, "என் இருப்பிடத்தை வெட்டாதீர்" என்று வேண்டியும் அவர் கேளாமல் வெட்ட, தேவதையின் குழந்தையின் தோளில் வெட்டு விழுந்தது. இவரைக் கொன்றுவிடலாமா என்று தேவதைக்குச் சினம் எழுந்தது. பின்னர் அதனை அடக்கிக்கொண்டு பகவன் புத்தரிடம் சென்று முறையிட்டது. பகவன் அச்சினம் அடங்கியதைப் பாராட்டினார். பாராட்டியதோடு நின்றாரில்லை, குடியிருக்க வேறொரு மரத்தைக் காட்டினார். பிக்குகள் செடிகொடிகளை அழித்தலாகாது என்னும் விதியும் அதன் பின்னர் எழுந்தது.

தேவதை உண்டா, இல்லையா என்னும் வழக்கை இங்கே விட்டுவிடுங்கள். பகவன் செய்தது என்ன என்பதை மட்டும் நோக்குங்கள். வீடிழந்து வந்ததனிடம், எல்லாம் நிலையாதவை என்று அவர் போதித்து அனுப்பவில்லை. காலியாக இருந்த மரம் எது என்று சொல்லி அனுப்பினார். மூன்று தெரு தள்ளி இருந்த வேலி நமக்குத் தெரிந்திருந்தும் நாம் செய்யாதது இதுவே.

சிலர் கேட்பர்: "அப்படியாயின் குழாய் பதிக்கவே கூடாதோ?" பதிக்கத்தான் வேண்டும். மழைக்காலந்தோறும் எங்கள் வரிசையில் கழிவுநீர் வீட்டிற்குள் ஏறிற்று. மலக்குழியில் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்த பின்னும், இறங்கி மடிந்தோர் எவர் வீட்டுப் பிள்ளைகள் என்பதை இவ்விதழின் வாசகர்க்கு நாம் சொல்லவேண்டுவதில்லை. நல்ல குழாய் ஒன்று ஆயிரம் கொடிகளிலும் மேலானது. ஆகவேதான் எழுதிய முறையீட்டைக் கிழித்துவிட்டோம். கொடி போகத்தான் வேண்டியிருந்தது, புழுக்கள் போகவேண்டியிருக்கவில்லை. வெட்டுமுன் பார்க்க அக்கூலித் தோழருக்கு எவரும் நேரம் கொடுக்கவில்லை. வெட்டிய பின் பார்க்க நமக்கு மூன்று நாள் இருந்தது. இருவரில் குற்றம் யாருடையது?

கார்த்திகையில் ஒருநாள் தொட்டியருகே அமர்ந்திருந்தபோது ரோஜா அழகி ஒன்று கொல்லைக்குள் வந்தது. முட்டையிட இடம் தேடும் பட்டாம்பூச்சி முன்கால்களால் இலையைத் தட்டிச் சுவையறியும். அது எலுமிச்சையைத் தட்டிப் பார்த்தது, கறிவேப்பிலையைத் தட்டிப் பார்த்தது, சிமெண்டு பூசிய சுவரோரம் இருமுறை தாழப் பறந்தது. பிறகு மதிலைக் கடந்து போயிற்று. இளைஞர் கேட்டாரே, அந்த முக வாட்டம் அன்று உண்டாயிற்று. கொடிக்காகவன்று, தம்பி.

உலர்ந்த காய் ஒன்றிலிருந்து எடுத்த விதைகளை மூன்று தகர டப்பாக்களில் ஊன்றினோம். இரண்டில் முளைத்தன. ஒன்றைச் சுவரோரம் மண் உள்ள ஓர் அன்பர் வீட்டிற்குக் கொடுத்தோம். மற்றொன்று நம் தொட்டியின் பக்கத்தில் நிற்கிறது, நான்கு இலையுடன். அதில் புழு வந்தால் நான்கு இலை போதாது. ஆகவே தோழர் வீட்டு வேலிக்கு எந்நேரமும் வரலாம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறோம்.

அந்தக் கூலித் தோழரைத் தேடி இருமுறை சென்றோம். அவருடைய கூட்டம் வேறூர் வேலைக்குப் போய்விட்டது. அக்கடன் மட்டும் தீரவில்லை.

உங்கள் கொல்லையிலோ, தெருவிலோ, தொழிற்சாலை வாயிலிலோ ஏதேனும் ஒன்று வேரோடு சாயும் நாள் வரும். அன்று நிலையாமையை நினையுங்கள், தவறில்லை. நினைத்து முடிப்பதற்குள் குவியலை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

அனைத்துயிரும் நலமுறுக!