வில்லங்கச் சான்றிதழில் வராத வில்லங்கம்

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும், நம் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே! முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு உபதேசம் செய்கிறேன்.

சொந்த வீடு என்பது பெரிய நிஃமத். நம் வீடுகளை நாம் நிம்மதி பெறும் இடமாக ஆக்கியதைத் தன் அருட்கொடைகளில் ஒன்றாக அந்நஹ்ல் அத்தியாயத்தின் 80வது வசனத்தில் அல்லாஹ் எடுத்துச் சொல்கிறான். வளைகுடாவில் 15, 20 வருடம் உழைத்தவர், ஊரில் ஒரு வீடு வாங்க ஆசைப்படுவது தவறே இல்லை. வட்டிக் கடனில் வாங்கக் கூடாது என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் வட்டியே கலக்காத காசில் வாங்கும் வீட்டுக்குள்ளும் ஹராம் நுழைய ஒரு வாசல் இருக்கிறது. இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

வீடு வாங்கும் முன் என்ன செய்கிறோம்? தாய்ப் பத்திரம் கேட்கிறோம். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கிறோம். 30 வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். வக்கீலிடம் காட்டுகிறோம். எல்லாம் செய்ய வேண்டியவைதான். கடனை எழுதி வைக்கவும், வியாபாரத்துக்குச் சாட்சி வைக்கவும் அல்பகரா அத்தியாயத்தின் 282வது வசனம் நமக்குக் கற்றுத் தருகிறது.

ஆனால் வில்லங்கச் சான்றிதழில் பதிவான விவரம் மட்டும்தான் வரும். கிரயம், அடமானம், தானம் என்று பத்திரம் பதிந்தவை அதில் தெரியும். வாப்பா மவுத்தான உடனே மகளுக்கு வந்து சேரும் பங்கு, யாரும் பத்திரம் பதிந்து கொடுத்ததல்ல. அது அல்லாஹ் கொடுத்தது. அதனால் அது அந்தத் தாளில் வராது.

ஓர் உதாரணம். ஒருவர் மவுத்தாகிறார். கடனும் வஸிய்யத்தும் போக அவர் விட்டுச் சென்றது 32 லட்சம் மதிப்புள்ள வீடு. வாரிசுகள் மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள். மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, 4 லட்சம். மீதி 28 லட்சத்தில் மகனுக்கு 14, மகள்களுக்கு ஆளுக்கு 7 லட்சம். சொத்து குறைவாக இருந்தாலும் அதிகமாக இருந்தாலும் பெண்களுக்கும் பங்கு உண்டு என்று அந்நிஸா அத்தியாயத்தின் 7வது வசனம் உறுதியாகச் சொல்கிறது.

நடைமுறையில் என்ன நடக்கிறது? "தங்கச்சிக்குக் கல்யாணத்தில் நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு" என்கிறார்கள். வாப்பா உயிரோடு இருந்தபோது கொடுத்தது அன்பளிப்பு. அது வாரிசுப் பங்காகாது. "அவளே வேண்டாம்னு சொல்லிட்டா" என்பார்கள். ஏன் சொன்னாள்? கேட்டால் காக்கா முகம் சுளிப்பார், பிறந்த வீட்டு வாசல் அடைந்து போகும் என்ற பயத்தில் சொன்னாள். சகோதரர்களே, அச்சத்தில் வந்த வார்த்தைக்கு மனப்பொருத்தம் என்று பெயரில்லை.

ஸயீத் இப்னு ஸைத் (ரலி) அவர்கள், சொர்க்கம் கொண்டு நன்மாராயம் சொல்லப்பட்ட பத்துப் பேரில் ஒருவர். தன் நிலத்தை அவர் எடுத்துக் கொண்டதாக அர்வா என்ற பெண் மதீனாவின் ஆளுநர் மர்வானிடம் வழக்குக் கொண்டு போனார். அநியாயமாக ஒரு சாண் நிலத்தை எடுத்தவரின் கழுத்தில் ஏழு பூமிகள் மாலையாக மாட்டப்படும் என்ற நபிமொழியைக் கேட்டுவிட்டு நான் அதைச் செய்வேனா என்று கேட்டார்கள் ஸயீத் (ரலி) அவர்கள். நிலத்தை அவளுக்கே விட்டுவிட்டு, அவள் பொய் சொல்லியிருந்தால் அவள் பார்வை போகட்டும், அந்த நிலத்திலேயே அவள் மரணிக்கட்டும் என்று துஆ செய்தார்கள். அவள் பார்வை இழந்தாள். அதே இடத்தில் நடந்து போகும்போது குழியில் விழுந்து இறந்தாள். ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியுள்ளது. ஒரு சாணுக்கே இப்படியென்றால், தங்கையின் 7 லட்சத்துக்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

"நான் வாங்குபவன்தானே, அது அவர்கள் குடும்ப விவகாரம்" என்று ஒதுங்க முடியாது. பங்குதாரரின் சம்மதமில்லாமல் விற்கப்பட்ட பங்கு வாங்கியவருக்குச் சொந்தமாகாது. சந்தையை விட 5 லட்சம் குறைத்துக் கொடுக்கிறார்கள் என்றால் அந்த 5 லட்சம் யாருடையது என்று விசாரியுங்கள்.

ஸஹாபாக்கள் எப்படி விற்றார்கள், வாங்கினார்கள்? ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களின் வளாகத்துக்குள் அபூராஃபிஉ (ரலி) அவர்களுக்கு இரண்டு அறைகள் இருந்தன. வேறொருவர் 500 தீனார் தரத் தயாராக இருந்தார். ஸஅத் (ரலி) அவர்களோ 4000 திர்ஹத்துக்கு மேல், அதுவும் தவணையில்தான் தர முடியும் என்றார்கள். ஆனாலும் அண்டை வீட்டாருக்கே உரிமை அதிகம் என்ற நபிமொழியைச் சொல்லி, குறைந்த விலைக்கே கொடுத்தார்கள் அபூராஃபிஉ (ரலி) அவர்கள். புகாரியில் வரும் செய்தி இது. பக்கத்து வீட்டுக்காரரின் உரிமைக்காகவே கூடுதல் பணத்தை விட்டார்கள். நாம் கூடப் பிறந்தவளின் உரிமையையே விழுங்குகிறோம்.

ஆகவே, வாரிசுச் சொத்தை வாங்குபவர்கள் மூன்று காரியம் செய்யுங்கள். தாசில்தார் அலுவலகத்தில் பெற்ற வாரிசுச் சான்றிதழைக் கேளுங்கள். அதில் உள்ள அத்தனை பேரும், பெண்கள் உட்பட, கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும் என்று சொல்லுங்கள். அவரவர் பங்குப் பணத்தை அவரவர் வங்கிக் கணக்கிலேயே செலுத்துங்கள்.

விற்கும் சகோதரர்களே! உங்கள் பங்கு இவ்வளவு என்று சகோதரியிடம் கணக்குச் சொல்லுங்கள். கையில் கொடுங்கள். வாங்கிய பிறகு அவர் மனமுவந்து திருப்பித் தந்தால் அது அவருடைய அன்பளிப்பு. ஏற்கெனவே விற்று முடித்தவர்கள், இன்றே போய் அந்தப் பங்கைக் கொடுத்துவிடுங்கள். மொத்தமாக முடியாவிட்டால் அவர் சம்மதத்தோடு தவணையாகக் கொடுங்கள். உயிர் இருக்கும்போது காசாகத் தீர்க்கலாம். மறுமையில் நம் நன்மைகளைக் கொடுத்துத்தான் தீர்க்க வேண்டியிருக்கும்.

யா அல்லாஹ்! எங்கள் வீடுகளை ஹலாலான வீடுகளாக ஆக்குவாயாக! பிறர் உரிமை ஒரு சாண் கூட எங்கள் கழுத்தில் இல்லாத நிலையில் உன்னைச் சந்திக்கும் பாக்கியத்தைத் தருவாயாக! ஆமீன்.