கைக்கு வந்த சாக்கு

சில சாக்குகளை நாம் தேடிப் போவதில்லை. அவையே நம்மைத் தேடி வரும். டாக்டர் கையெழுத்தோடு வரும், மேலதிகாரி வாய்மொழியாக வரும், சில சமயம் அரசாங்க முத்திரையோடே வரும். பொய் கிடையாது, புரட்டு கிடையாது. கலெக்டர் விட்ட மழை லீவு மாதிரி இனிக்கும். எடுத்துக்கொண்டால் ஊரில் ஒருவர்கூட உங்களைக் குறை சொல்ல மாட்டார்.

எடுத்துக்கொள்வீர்களா?

ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்கு அப்படியொரு சாக்கு 1940-ல் வந்தது. ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ'வில் காலில் மாவுக்கட்டோடு ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்வீடுகளை நோட்டம் விடுவாரே, அந்த நெட்டை மனிதர்தான். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது; அமெரிக்காவில் கட்டாய ராணுவ சேவை தொடங்கிய நேரம். அழைத்தார்கள், போனார். உயரம் ஆறடி மூன்றங்குலம். எடையோ விதிக்குச் சில பவுண்டு குறைவு. தேறவில்லை, வீட்டுக்குப் போகலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

எவ்வளவு அழகான சாக்கு பாருங்கள். அவர் ஏமாற்றவில்லை, ஒளியவில்லை. தராசே சொல்லிவிட்டது. ஸ்டூடியோவுக்கும் பரம திருப்தி. வசூல் நாயகனை யார் படைக்கு அனுப்ப விரும்புவார்கள்?

அவர் போய் நன்றாகச் சாப்பிட்டார். ஸ்டூடியோவின் உடற்பயிற்சியாளரைப் பிடித்து உடம்பைத் தேற்றினார். திரும்பப் போய் நின்றார். 1941 பிப்ரவரி இறுதியில் 'தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி' படத்துக்காகச் சிறந்த நடிகர் ஆஸ்கர் வாங்கியவர், மார்ச் 22 அன்று சாதாரணச் சிப்பாயாகப் பெயர் எழுதிக்கொண்டார். அமெரிக்காவைப் போருக்குள் இழுத்த பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு அப்போது இன்னும் எட்டு மாதத்துக்கு மேல் இருந்தது. மாதச் சம்பளம் 21 டாலர். அதிலும் பத்து சதவீதத்தைத் தன் சினிமா ஏஜெண்டுக்கு அனுப்பிவைத்தார் என்று ஒரு கதை உண்டு. அவர் சுபாவத்துக்குப் பொருந்தும் கதை.

முதல் சாக்கைத் திருப்பிக் கொடுப்பது பெரிய விஷயமில்லை. அப்போது ரத்தம் சூடாக இருக்கும், நான்கு பேர் பார்ப்பார்கள். இரண்டாவதுதான் கஷ்டம். அது மரியாதையின் வேஷத்தில் வரும்.

ஸ்டூவர்ட்டுக்கு விமானம் ஓட்டத் தெரியும். 1935-லேயே லைசென்ஸ் வாங்கியவர். அதனால் சீக்கிரமே அதிகாரி ஆனார். ஆனால் பிரபலமான நடிகரைப் போர்முனைக்கு அனுப்ப ராணுவத்துக்குத் தயக்கம். அனுப்பிய இடத்தில் ஏதாவது ஆகிவிட்டால்? எனவே பயிற்சியாளராக வைத்துக்கொண்டார்கள். ஐடஹோ மாநிலத்தில் இளம் விமானிகளுக்குக் குண்டுவீச்சு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். முக்கியமான வேலைதான். யாரும் இளக்காரமாகப் பேச மாட்டார்கள். போர் முடியும்வரை அங்கேயே இருந்திருக்கலாம். அவரோ தன் மேலதிகாரியிடம் விடாமல் கேட்டார். தான் சொல்லிக்கொடுத்த பையன்கள் ஒவ்வொருவராகக் கடல் தாண்டிப் போகும்போது கரும்பலகை முன்னால் நிற்க அவருக்கு மனம் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். 1943 நவம்பரில் இங்கிலாந்தில், டிபென்ஹாம் விமானத்தளத்தில் போய் இறங்கினார். வயது 35. கூட வந்தவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருந்த பையன்கள்.

அங்கே அவர் ஓட்டிய பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்துக்குள் ஒரு நிமிடம் போய்ப் பாருங்கள். நான்கு இன்ஜின், பத்துப் பேர். இருபதாயிரம் அடிக்கு மேலே உறைநிலைக்கும் நாற்பது டிகிரி கீழே குளிர். கையுறை இல்லாமல் உலோகத்தைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். ஆக்சிஜன் முகமூடிக்குள் மூச்சே பனியாகும். காற்றை அடைத்துச் சூடேற்றிய இன்றைய பயணி விமானம்போல நினைத்துவிடாதீர்கள். பக்கவாட்டுத் துப்பாக்கிக்காரன் திறந்த ஜன்னலோரம் நின்றபடி மணிக்கணக்காகப் பறக்க வேண்டும்.

இப்படிப் பறக்கிறவர்களுக்குக் கூட்டம்தான் கவசம். நெருங்கிப் பறந்தால் ஒரு விமானத்தின் துப்பாக்கி பக்கத்து விமானத்தைக் காக்கும். தனியே விலகினால் எதிரிக்கு இரை.

1944 ஜனவரி 7. ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபனில் குண்டு போட்டுவிட்டுத் திரும்பும் வழி. ஸ்டூவர்ட் தன் குழுவை நடத்தி வருகிறார். முன்னே போன 389-ஆவது குழு திசை தவறிவிட்டது. ரேடியோவில் எச்சரித்தார். அவர்கள் கேட்கவில்லை.

இதோ மூன்றாவது சாக்கு. எல்லாவற்றிலும் ருசியானது இதுதான்: 'நான் அப்பவே சொன்னேனே.'

நமக்கு இது எவ்வளவு பழக்கம்! அண்ணன் கேட்காமல் சீட்டுப் போட்டு ஏமாந்தபோது, நண்பர் கேட்காமல் தொழிலில் இறங்கி நொடித்தபோது, நாம் ஒதுங்கி நின்று சொன்ன வாக்கியம் அல்லவா? சொன்னது உண்மைதான். சொன்னதும் பொறுப்பு தீர்ந்தது என்று நினைத்தோம் பாருங்கள், அங்கேதான் சாக்கு உட்கார்ந்திருந்தது.

ஸ்டூவர்ட் தன் குழுவை மட்டும் சரியான பாதையில் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். வரைபடம் அவர் பக்கம், நியாயம் அவர் பக்கம். போகவில்லை. தவறான திசை என்று தெரிந்தே, வழி தவறியவர்கள் பின்னாலேயே அணி கலையாமல் பறந்தார். ஜெர்மன் சண்டை விமானங்கள் பாய்ந்து வந்தன. முன்னால் போன குழு பல விமானங்களை இழந்தது. மிஞ்சியவை திரும்பின. அந்தக் குழுவின் தரப்பிலிருந்தே பிறகு ஸ்டூவர்ட்டின் முடிவைப் பாராட்டிக் கடிதம் வந்தது.

தன் ஆட்களின் உயிரையும் சேர்த்துப் பணயம் வைத்தாரே, அது சரியா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். தரையில் உட்கார்ந்து அதற்குப் பதில் சொல்வது எனக்குச் சுலபமாகப் படவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். வருகிற எல்லாச் சாக்கையும் திருப்பி அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. காய்ச்சல் வந்தால் படுத்துக்கொள்ளுங்கள். ஸ்டூவர்ட்டும் வீம்புக்காரர் அல்ல. பிப்ரவரியில் ஃப்யூர்ட் நகரத்துக்குப் போனபோது பீரங்கிக் குண்டு வெடித்து அவர் காலடியிலேயே விமானத்தின் தரை பிளந்தது. ஓட்டை வழியே கீழே ஜெர்மனி தெரிந்தது. அந்த நிலையிலேயே திரும்பி வந்து தரையிறங்கினார்கள். மனிதர் ஆடிப்போனார். மார்ச் இறுதியில் இன்னொரு குழுவுக்கு, பறப்பதைத் திட்டமிடும் அதிகாரியாக மாற்றினார்கள். ஏற்றுக்கொண்டார். நடுநடுவே பறந்தார். மொத்தம் 20 தாக்குதல் பயணங்கள் அவர் கணக்கில் உண்டு. சிப்பாயாகச் சேர்ந்தவர் நான்கே ஆண்டில் கர்னல்.

ஊர் திரும்பியதும் நான்காவது சாக்கு காத்திருந்தது. 'போருக்குப் போய் வந்தவர்.' நடிப்பு சுமாராக இருந்தாலும் ரசிகர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பதக்கத்தைப் போஸ்டரில் போட்டால் டிக்கெட் விற்கும். அவர் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொன்னார்: என் ராணுவ சேவையை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. போர்ப் படங்களையும் பெரும்பாலும் தவிர்த்தார்.

1946-ல் ஃப்ராங்க் காப்ராவின் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்'. திரும்பி வந்தபின் அவருடைய முதல் படம். அதில் ஒரு மதுக்கடைக் காட்சி. வழி தெரியாத மனிதன் தலை குனிந்து கடவுளிடம் கேட்கிறான். கேட்கும்போதே ஸ்டூவர்ட்டுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. திட்டமிட்டதல்ல என்று அவரே பிற்பாடு சொன்னார். கேமரா தள்ளி இருந்தது. இன்னொரு முறை நடிக்க அவரால் ஆகாது. காப்ரா எடுத்த படச்சுருளையே பெரிதாக்கி முகத்தை அருகே கொண்டுவந்தார். அந்த அழுகைக்குள் போர் இருந்ததா என்று படம் சொல்வதில்லை. போஸ்டரிலும் இல்லை. வெளியானபோது வசூலும் பிரமாதமாக இல்லை.

நடிப்பு ஒரு பக்கம், விமானப் படையின் ரிசர்வ் பணி இன்னொரு பக்கம். 1959-ல் பிரிகேடியர் ஜெனரல். 1966-ல், போர் நடந்துகொண்டிருந்த வியட்நாமுக்குப் போனார். 57 வயது ஜெனரல், உலகம் அறிந்த நடிகர். தளத்தில் நான்கு பேரோடு கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். அவரோ பார்வையாளராக பி-52 குண்டுவீச்சு விமானத்தில் ஏறி, தாக்குதலுக்குப் போய் வந்தார். அதைப் பத்திரிகையில் போட வேண்டாம் என்றார். அடுத்த இரண்டு ஆண்டில் அவருக்கு 60 வயது ஆனது. விமானப் படை ஓய்வு கொடுத்தது. அதற்கு மேல் வைத்துக்கொள்ள விதியில் இடமில்லை.