யாருக்குப் போதும்?

என்னுடைய லேப்டாப்பைப் பார்க்கிறவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு விலையைக் கேட்கிறார்கள். விலையைச் சொன்னால் இன்னொரு தடவை சிரிக்கிறார்கள். பள்ளிக்கூடத்துச் சிலேட்டுக்குக் கொஞ்சம் பெரிய தம்பி மாதிரி இருக்கும். திரை பதினொன்றரை அங்குலந்தான். எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். 2021இல் வாங்கியது. விருதுநகரில் பஸ் ஏறி, மடியில் வைத்துத் திறந்தால், சிவகாசி போய்ச் சேருவதற்குள் இரண்டு பக்கம் எழுதிவிடலாம். குழிகளுக்கு ஒன்றிரண்டு எழுத்து பலியாகும். அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

எனக்கு வேண்டியதெல்லாம் தமிழில் எழுத ஓர் இடம், எழுதியதை அனுப்ப ஒரு வழி. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்ததே, தமிழ்99 என்ற விசைப் பலகை முறை, அது இந்தச் சின்னப் பெட்டியிலும் ஓடுகிறது. லட்ச ரூபாய்ப் பெட்டியிலும் ஓடுகிறது. லட்ச ரூபாய்ப் பெட்டியில் எழுதினால் கதை நன்றாக வரும் என்று எந்தப் பத்திரிகை ஆசிரியரும் என்னிடம் சொன்னதில்லை. ஆகவே, "எனக்கு இது போதும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். சொல்லச் சொல்ல அதில் ஒரு ருசி வந்துவிட்டது. உண்மையைச் சொல்வதானால், பெரிய லேப்டாப் வைத்திருக்கிறவன் அதைக் காட்டிக்கொள்வதற்கும், நான் என் சிறியதைக் காட்டிக்கொண்டதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

இந்தச் சமயத்தில்தான், 2023 ஜூன் மாதம், பக்கத்துத் தெரு அம்மாள் ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பயர் ஆபீஸில் வேலை. எங்கள் பகுதியில் பட்டாசு ஆலையை அப்படித்தான் சொல்வார்கள். தீப்பெட்டித் தொழிற்சாலையும் தீப்பெட்டி ஆபீஸ்தான். காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். உள்ளே செல்போன் கொண்டு போகக் கூடாது. சாயங்காலம் வேன் திரும்புகிற வரைக்கும் வீட்டில் என்ன நடந்தாலும் அவளுக்குத் தெரியாது.

"பிள்ளைக்குக் காலேஜ்ல இடம் கிடைச்சிருச்சு அண்ணாச்சி. லேப்டாப் வேணும்ங்கா. நீங்க படிச்சவுக, பாத்து ஒண்ணு வாங்கிக் குடுங்க" என்றாள். முந்தானையில் முடிந்திருந்த பணத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். இருபதினாயிரம் ரூபாய். சீட்டு எடுத்தது பாதி. முந்தின தீபாவளி போனஸில் தொடாமல் வைத்திருந்தது மீதி.

முன்பென்றால் அவளுக்கு இந்தக் கவலை இருந்திராது. 2011 செப்டம்பர் 15ஆம் தேதி, அண்ணா பிறந்த நாளில், ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோது தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம் பல ஆண்டுகள் நடந்தது. அந்த அம்மாளின் அக்காள் மகன்கூட ஒன்று வாங்கியிருக்கிறான். ஆனால் கொரோனாக் காலத்தோடு அது நின்றுபோயிருந்தது. இந்தப் பெண் பள்ளியை முடித்தது, அந்தத் திட்டம் நின்று, அடுத்த திட்டம் வராத இடைவெளியில்.

மூன்று பேருமாகச் சிவகாசிக்குப் போனோம். கடைப் பையன் மூன்றை எடுத்து வைத்தான். ஒன்று என்னுடையதைப் போலவே சின்னது, புதிது, பதினேழாயிரத்து ஐந்நூறு. இன்னொன்று பெரியது, புதிது, முப்பத்திரண்டாயிரம். மூன்றாவது, பெரிய கம்பெனிகளில் மூன்று நாலு வருஷம் உழைத்துவிட்டுக் கழிந்து வந்த பழசு. கறுப்பாக, கனமாக, மூலையில் பெயிண்ட் உதிர்ந்து, ஓய்வு பெற்ற போலீஸ்காரரைப்போல இருந்தது. அது இருபத்தோராயிரம்.

அந்தப் பெண் பெரியதைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். பிறகு எதையும் பார்க்கவில்லை.

"சின்னதே வாங்கிக்கொள், அம்மா. எனக்கே இது போதுகிறது, உனக்குப் போதாதா?" என்றேன்.

கடைப் பையன் மட்டும், "சார், இதுல பின்னால மெமரி கூட்ட முடியாது, எல்லாம் போர்டோட ஒட்டுனது. பழசுல கூட்டிக்கிடலாம்" என்று இழுத்தான். பழசைத் தள்ளிவிடப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். சின்னதை வாங்கினோம். மீந்த இரண்டாயிரத்து ஐந்நூறை அம்மாளிடம் திருப்பிக் கொடுத்தபோது எனக்கு இருந்த பெருமிதத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

லேப்டாப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பெட்டியின் மேல்தாளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. இது சிவகாசிக்காரனுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டிய சங்கதியா? ஊரே லேபிள் அச்சடித்துப் பிழைத்த ஊர். வானத்தில் பூக்கிற பூ தாளில் எவ்வளவு பெரிதாக இருக்கும், நிஜத்தில் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்தச் சின்னப் பெட்டியின் மேலும் எல்லாம் எழுதித்தான் இருந்தது. 4 ஜி.பி. நினைவகம், 64 ஜி.பி. சேமிப்பு. விண்டோஸ் 11 ஓடுவதற்கு இவை போதும் என்று அதை உண்டாக்கிய கம்பெனியே சொல்கிறது. ஆனால் அது குறைந்தபட்ச அளவு. அந்த 64இல் ஏறக்குறையப் பாதியை விண்டோஸே விரித்துப் படுத்துக்கொள்ளும். ஒவ்வொரு புதுப்பிப்பு வரும்போதும், வந்த விருந்தாளி தங்க இன்னும் கொஞ்சம் இடம் கேட்கும். எனக்கு அது தெரியவே இல்லை. ஏனென்றால் என்னிடம் இருப்பதெல்லாம் எழுத்து. முப்பது வருஷம் எழுதியதையெல்லாம் சேர்த்தாலும் ஒரு கல்யாண வீடியோ அளவு வராது. (இதில் வருத்தப்பட இடமிருக்கிறது. ஆனால் அது வேறு கட்டுரை.)

அந்தப் பெண் சேர்ந்தது கணினி அறிவியல். முதல் வருஷம் எப்படியோ ஓடிற்று. இரண்டாம் வருஷத்தில் செல்போனுக்கு ஆப் எழுதப் பழக வேண்டும் என்றார்கள். அதற்கான மென்பொருளுக்கு 8 ஜி.பி. நினைவகமாவது வேண்டும். இவளுடைய பெட்டியில் அதை ஏற்றவே இடமில்லை. கூட்டலாம் என்றால், கடைப் பையன் சொன்னானே, ஒட்டிப்போட்டது. பரண் வைக்க முடியாத வீடு. இவள் என்ன செய்தாள்? கல்லூரி லேபில் சாயங்காலம் பூட்டுகிற வரைக்கும் உட்கார்ந்து செய்தாள். வழக்கமான பஸ் போய்விடும். அடுத்ததில் இருட்டி வந்து சேருவாள். சக மாணவிகள் வீட்டில் படுத்துக்கொண்டு செய்வதை இவள் ஓட்டமும் நடையுமாகச் செய்தாள்.

இதில் ஒன்றையும் என்னிடம் அவள் சொல்லவில்லை. 2024 தீபாவளிக்கு முந்தின வாரம் அவள் அம்மா ஒரு கிஃப்ட் பாக்ஸ் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பேச்சுவாக்கில் சொன்னாள்: "பெட்டி பத்தலையாம் அண்ணாச்சி. மாமா ஆசையா வாங்கிக் குடுத்தது, சொன்னா வருத்தப்படுவாகன்னு பிள்ளை வாயே தொறக்கல."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் பொய் சொல்லவில்லை, பணத்தைத் தின்னவில்லை, கடைக்காரனிடம் கமிஷன் வாங்கவில்லை. என் கண்ணுக்கு நல்லதாகப் பட்டதைத்தான் சொன்னேன். பிறகு என்ன குற்றம்?

"எனக்கு இது போதும்" என்று நான் சொன்னேனே, அதுவே முழு உண்மை இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. என் வீட்டில் மகனுடைய பெரிய கணினி ஒன்று இருக்கிறது. நீளமான படிவம் நிரப்ப வேண்டுமா, படம் ஏற்ற வேண்டுமா, எழுந்து போய் அதில் செய்துவிடுவேன். வைஃபை இருக்கிறது, பிரிண்டர் இருக்கிறது. நாளைக்கே இந்தச் சின்னப் பெட்டி கண்ணை மூடினால் வேறொன்று வாங்கக் கையில் பணமும் இருக்கிறது. என்னுடைய எளிமைக்குப் பின்னால் இத்தனை முட்டுக்கொடுத்து வைத்திருந்தேன். அந்தப் பெண்ணுக்கு அந்தப் பெட்டிதான் எல்லாம். ஒரே அளவான பெட்டியைத்தான் இருவரும் வைத்திருந்தோம்; எனக்கு அது விரதம், அவளுக்கு அது பட்டினி.

உலகத்திலும் இந்தக் கதை நடந்திருக்கிறது. ஏழை நாட்டுக் குழந்தைகளுக்கு நூறு டாலரில் ஒரு லேப்டாப் என்று 2005இல் அமெரிக்காவில் நெக்ரோபான்டி என்பவர் கிளம்பினார். நூறு டாலருக்குள் அது அடங்கவில்லை. 2007இல் தைவான் கம்பெனியான ஏசூஸ், ஏழு அங்குலத் திரையோடு ஈ பி.சி. என்ற சின்னப் பெட்டியை விற்றது. வாங்கியவர்களில் பலர் ஏற்கெனவே பெரிய கணினி வைத்திருந்தவர்கள். பயணத்துக்கு இரண்டாவதாக வாங்கினார்கள். முதலாவது இருக்கிறவனுக்கு இரண்டாவது சிறியதாக இருப்பது சுகந்தான்.

2011இல் சர்க்கார் லேப்டாப் கொடுத்தபோது, இலவசம் என்ற சொல்லைக் கேட்டே முகம் சுளித்தவர்களில் நானும் ஒருவன். சில பேர் அதை விற்றுவிட்டார்கள் என்று பத்திரிகைகளில் வந்த செய்தியைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டியிருக்கிறேன். இப்போது யோசித்துப் பார்க்கிறேன். முதல் வருஷம் கொடுத்ததில் 2 ஜி.பி. நினைவகமும் 320 ஜி.பி. வட்டும் இருந்தன. விண்டோஸோடு, நம் நாட்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அன்றைக்குக் கடையில் ஒரு நடுத்தரக் குடும்பம் தன் பிள்ளைக்கு வாங்கியிருக்கக் கூடியதற்கு அது வெகு தூரம் கீழே இல்லை. நான் அந்தப் பெண்ணுக்குப் பொறுக்கிக் கொடுத்தது அப்படிப்பட்டதா? என் சொந்த மகனுக்கு அதை வாங்கியிருப்பேனா? மாட்டேன். வாங்கவில்லையே! 2025 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு லேப்டாப்போ கைக்கணினியோ கொடுக்கப் போவதாகத் தமிழக அரசு அறிவித்தபோது, நான் முதலில் தேடியது விலையை அல்ல, ஜி.பி.யை.

எங்கள் ஊர்க்காரர் காமராஜரைப் பற்றி எல்லோரும் சொல்வது அவருடைய எளிமையை. அவர் பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறவர்களும் அதையே சொல்கிறார்கள். ஆனால் அவர் தம்முடைய எளிமையை அளவுகோலாக்கிப் பிறர் பிள்ளைகளை அளக்கவில்லை. தாம் ஆறாம் வகுப்போடு நின்றவர், அதுவே போதும் என்று மற்றவர்களிடம் சொல்லவில்லை. 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கிவைத்து ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் வைத்தார். அவர் படித்த க்ஷத்திரிய வித்தியாசாலையே, வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைத்து வளர்த்த பள்ளி. அந்தப் பெண்கள் பிடியைக் குறைத்தது தங்கள் உலையில். நான் குறைத்தது அடுத்தவள் உலையில்.

அதற்காக முப்பத்திரண்டாயிரம் ரூபாய்ப் பெட்டியை வாங்கச் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பாக்கிப் பன்னிரண்டாயிரத்துக்கு அந்த அம்மாள் வட்டிக்குத்தான் போயிருப்பாள். மழை பெய்தால் வேலை இல்லை. தீபாவளி முடிந்தால் சில வாரம் ஆலை மூடிக் கிடக்கும். பேரியம் கூடாது என்று 2018இல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டதிலிருந்து எத்தனையோ நாள் வேலையே நிச்சயமில்லை. அந்தக் கையிருப்பை வைத்துக்கொண்டு கடன் வாங்கு என்று சொல்வதும் பாவந்தான். ஆனால் மூன்றாவது ஒன்று அங்கே இருந்தது. ஆயிரம் ரூபாய்தான் கூடுதல். கனம், பழசு, பேட்டரி இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது என்றாலும் வளரக் கூடியது. நினைவகத்தைக் கூட்டலாம், வட்டை மாற்றலாம், பேட்டரியையும் மாற்றலாம். அதை நான் கையால்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. என்னுடையதைப்போல இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. "என்ன படிக்கப் போகிறாய், அதற்கு என்ன வேண்டும்?" என்று அவளை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். வழி நெடுகப் பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். நான் கதைக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

தீபாவளி கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்மாள் வாசலில் இருந்தாள். பெண் உள்ளே அந்தச் சின்னப் பெட்டியை வைத்துக்கொண்டிருந்தாள். விண்டோஸை எடுத்துவிட்டு, லேசான லினக்ஸ் ஒன்றைப் போட்டிருந்தாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். தானே பார்த்துச் செய்ததாம். இடம் கொஞ்சம் மிஞ்சுகிறது. ஆனாலும் அந்த மென்பொருள் ஏறாது.

"தப்பு என்னுடையது, அம்மா. அந்தப் பழைய கறுப்புப் பெட்டி மாதிரி ஒன்று பார்த்து வாங்கித் தருகிறேன். பணம் வேண்டாம்" என்றேன்.

அம்மாள் முகம் சட்டென்று மாறிவிட்டது. "சும்மா எதுக்கு அண்ணாச்சி?" என்றாள். அந்த 'சும்மா'வில் இருந்த கடுமையை நான் எதிர்பார்க்கவில்லை.

பெண் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு பெட்டியை மூடி, துணியால் துடைத்து, என் பக்கம் நகர்த்தினாள்.

"மாமா, இது உங்களுக்குத்தான் போதுமே. நீங்களே வாங்கிக்கிடுங்க. அந்தப் பணத்துல நான் வேற பாத்துக்கிடுதேன்."

அவள் கிண்டல் செய்யவில்லை. யோசனையாகத்தான் சொன்னாள். என்ன விலை என்று கேட்டேன். வாங்கின விலையைச் சொல்லிவிட்டு, ஒன்றரை வருஷம் உபயோகித்ததற்கு இரண்டாயிரம் கழித்துக்கொள்ளச் சொன்னாள். பேரம் பேசாமல் கொடுத்தேன். அடுத்த வாரம் சிவகாசிக்கு அவளே தனியாகப் போய் வந்தாள், என்னைக் கூப்பிடவில்லை.

இப்போது என்னிடம் சின்ன லேப்டாப் இரண்டு இருக்கின்றன. இந்தக் கட்டுரையை அவள் லினக்ஸ் போட்ட பெட்டியில்தான் எழுதினேன். நன்றாகத்தான் ஓடுகிறது.