விட்டுவிடுவது கருணையா?

கோடையில் ஒருநாள் நாங்கள் இருவரும் காண்டர்ஸ்டெக் பக்கம் மலை ஓடையோரமாக நடந்தோம். முழங்காலளவு நீரில் நின்று ஒரு சுவிஸ் தம்பதியர், இறகும் நூலும் சுற்றிய பொய் ஈயை வீசித் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தனர். ட்ரவுட் மீனொன்று அகப்பட்டதும் கணவர் தலையில் அடித்து உடனே கொன்றார்.

"பாவம், திரும்ப விட்டிருக்கலாமே" என்றார் எமது துணைவியார். அதையே அவர்களிடம் கேட்டோம். "விடுவதற்கென்றே பிடிப்பது இந்நாட்டுச் சட்டப்படி கூடாது" என்றார் அந்த அம்மையார்.

உண்மைதான். 2008 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகள் அதைத் தடைசெய்கின்றன. உண்பதற்குப் பிடிக்கலாம்; பொழுதுபோக்கிற்காக ஓர் உயிரை வதைக்கலாகாது என்பதே அதன் உட்பொருள். அளவிற் சிறிய மீனைத் திரும்ப விடவேண்டும்.

திரும்பும் வழியில் எமக்குப் பேச்சு வரவில்லை. வெள்ளிக்கிழமை மரக்கறி உண்கிறோம். மறுநாள் கடையில் வெட்டிவைத்த மீனை வாங்குகிறோம். கொலையைக் காணாததால் நம்மைக் கருணையாளர் என்று எண்ணிக்கொள்கிறோம். வள்ளுவரோ 'புலால் மறுத்தல்' அதிகாரத்தில் வாங்குபவனையும் கணக்கிற் சேர்த்தார். எமது தொழிலும் கணக்குத்தான். இந்த வரியை மட்டும் இவ்வளவு காலமும் பதியாமல் விட்டிருக்கிறோம்.

முழுதாக விடமுடியுமா என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் தன் கையால் கொன்றவரைப் பார்த்துப் "பாவம்" சொல்லுமுன், நமது சாப்பாட்டுக் கோப்பையை ஒருமுறை பார்ப்போமா?