பேரிடர் கண்ட பிள்ளைகளும் அபூ உமைரின் குருவியும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக. அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளுமாறு முதலில் எனக்கும் பின்னர் உங்களுக்கும் வஸிய்யத் செய்கிறேன்.

அன்பார்ந்த சகோதரர்களே!

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, ஹம்பாந்தோட்டை என்று நம் கரையோர ஊர்களுக்குள் கடல் புகுந்த நாள். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் அதிகமானோர் மரணித்தார்கள். ஜனாஸாக்களை அடக்கினோம். முகாம்களுக்குச் சோறு சமைத்து அனுப்பினோம். பின்னர் வீடுகளும் கட்டினோம். அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆனால் அந்த முகாம்களில் பேச்சற்று உட்கார்ந்திருந்த பிள்ளைகளிடம் என்ன சொன்னோம்? "அழாதே மகன், எல்லாம் கத்ர்" என்றோம். சொன்னது உண்மைதான். சொன்ன நேரம்தான் தவறு.

மதீனாவில் அபூ உமைர் என்றொரு சிறுவர் இருந்தார். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி. அவர் வளர்த்த சின்னக் குருவி இறந்துவிட்டது. வாடிப்போயிருந்த அவரைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அவருடைய பெயரோடு இசைந்து ஒலிக்கும் சொல்லால், அந்தக் குருவி என்னவாயிற்று என்று விசாரித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. பொறுமையைப் பற்றி அந்தக் குழந்தைக்கு அவர்கள் பயான் செய்யவில்லை. குருவியைப் பற்றிக் கேட்டார்கள். ஒரு குருவிக்கே இப்படியென்றால், உம்மாவை அலையில் பறிகொடுத்த பிள்ளைக்கு நாம் எவ்வளவு கேட்டிருக்க வேண்டும்?

நடந்ததைப் பெரியவர்கள் போல வரிசையாகச் சொல்லப் பிள்ளைக்கு வராது. தாளும் கலர் பென்சிலும் கொடுத்தால் வரும். சுனாமிக்குப் பின் பிள்ளைகள் பலர் தென்னைமரத்தை விட உயர்ந்த அலைகளையே வரைந்தார்கள். நெஞ்சுக்குள் கிடந்த அலை தாளுக்கு வந்துவிட்டால் அதைத் தள்ளி வைத்துப் பார்க்கலாம், மடித்து வைக்கலாம், நாளைக்கு அதன் பக்கத்தில் ஒரு தோணி வரையலாம். மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், யுத்தத்தில் பாதிக்கப்பட்ட முஸ்லிம், தமிழ்ப் பிள்ளைகளை ஒன்றாக இருத்தி, களிமண்ணாலும் வர்ணத்தாலும் கதையாலும் இதைத்தான் செய்தார்கள்.

"மௌலவி, படம் வரையலாமா?" என்று கேட்பீர்கள். உருவம் வரைந்து பிழைத்த ஒருவருக்கு, மரத்தையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) வழிகாட்டினார்கள். கடலும் மரமும் வீடும் தோணியும் தாராளமாக வரையலாம். ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளில் இறக்கை வைத்த குதிரை ஒன்று இருந்தது. குதிரைக்கு இறக்கையா என்று நபியவர்கள் கேட்க, சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இருந்ததாக நீங்கள் கேள்விப்படவில்லையா என்று அவர் பதில் சொன்னார். கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்களே தவிர, நபியவர்கள் அந்தக் கற்பனையைக் கண்டிக்கவில்லை.

கதை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. வெள்ளத்தில் தப்பிய பிள்ளைக்கு நூஹ் நபியின் வரலாற்றை முதல் கதையாகச் சொல்லாதீர்கள். மூழ்கியவர்கள் நிராகரித்தவர்கள் என்று கேட்கும் பிள்ளை, "அப்போ என் தம்பி கெட்டவனா?" என்று யோசிக்கும். உங்களிடம் கேட்காது, தனக்குள் வைத்துக்கொண்டே வளரும். பேரிடரெல்லாம் தண்டனை என்று மிம்பர்களில் நாங்கள் முழங்கியபோதும் அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அல்லாஹ் எங்களை மன்னிக்கட்டும். நீரில் மூழ்கி மரணித்த முஃமின் ஷஹீத் என்ற நபிமொழியை அதற்குச் சொல்லுங்கள்.

தூதர்களின் வரலாறுகளை எடுத்துரைப்பது நபியின் உள்ளத்தை உறுதிப்படுத்தவே என்று சூரா ஹூதில் அல்லாஹ் கூறுகிறான். நபியின் உள்ளத்துக்கே கதை தேவைப்பட்டது! இருண்ட கிணற்றில் கிடந்த சிறுவர் யூஸுஃபைச் சொல்லுங்கள். மகனை நினைத்து அழுதழுது கண்கள் வெளுத்துப்போன யஃகூப் நபியைச் சொல்லுங்கள். ஆறு வயதில் உம்மாவை இழந்த நம் நபியைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அடுத்துப் பிள்ளை பேசட்டும்.

மாரி மழை கூரையில் அடிக்கும் இரவில் பிள்ளை உங்கள் சாரத்தைப் பிடித்துக்கொண்டால், "ஆம்பிளைப் பிள்ளை பயப்படலாமா" என்று தட்டிவிடாதீர்கள். பக்கத்தில் இருத்தி, மழை என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.

யா அல்லாஹ்! அந்தப் பிள்ளைகளின் அச்சத்தைப் போக்குவாயாக. அவர்களைக் கேட்கும் பொறுமையை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.